கூரைப் பரணுக்குக் காற்றுப் பாதை அமைத்த வேலை

எங்கள் வீட்டின் மாடி அறைகளில் மூன்று தொல்லைகள் இருந்தன. கோடையில் வெயில் இறங்கி நெடுநேரம் ஆன பின்னும் உட்கூரையிலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கும். குளிர் மாதங்களில் பரணின் மூடியைத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். உட்கூரையில் ஆங்காங்கே பழுப்புக் கறைகள் தோன்றி, ஆண்டுக்கு ஆண்டு பெருகி வந்தன. இவற்றைத் தனித்தனிக் கோளாறுகளாக எடுத்துக்கொண்டால் ஒன்றுக்குக் குளிர்சாதனப் பெட்டி, இன்னொன்றுக்குப் பூஞ்சைக்கொல்லி, மூன்றாவதற்கு ஒழுகலை அடைக்கும் பூச்சு என்று மூன்று தீர்வுகளைத் தேடிப் போக நேரிடும். விளக்கோடு பரணுக்குள் ஏறி அளந்து பார்த்ததில் மூன்றுக்கும் வேர் ஒன்றாகவே இருந்தது: அந்த இடத்துக்குள் காற்று நுழையவும் வெளியேறவும் முறையான பாதை இல்லை. அந்தப் பாதையை எப்படி அமைத்தேன், எந்த வரிசையில் வேலையைச் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்பதே இந்தப் பதிவு.

கறைகளைத்தான் முதலில் ஆராய்ந்தேன். அது மழை ஒழுகலா, உள்ளே படியும் ஈரமா என்று தெரியாமல் கூரையில் ஓர் ஆணியைக்கூடக் கழற்றக் கூடாது. மழைநீர் ஒழுகினால் அது நுழையும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கிருந்து கைமரத்தின் (கூரைப் பலகையைத் தாங்கும் சாய்வு மரம்) வழியே வழிந்து ஒரு தடத்தை விட்டுச் செல்லும். மழை நாள்களில் மட்டும் நனையும். நான் கண்டது வேறு. வானம் தெளிந்திருந்த ஒரு குளிர் இரவுக்கு மறுநாள் காலையில், மழையே இல்லாதபோது, வெயில் குறைவாகப் படும் பக்கத்துச் சரிவில் கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு நீர்த்துளி தொங்கியது. ஆணியைச் சுற்றிப் பலகையில் துருவின் கரிய வளையம். அதற்கு நேர் கீழே வெப்பக்காப்புப் பஞ்சின் மேல் ஒரு சிறு பள்ளமும் பழுப்புப் பொட்டும். அந்தப் பொட்டுக்கு நேர் கீழே, அறையின் உட்கூரையில், நாங்கள் பார்த்துக் கவலைப்பட்ட கறை. இரும்பு மரத்தைவிட மிக விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் வெளிக்குளிர் ஆணி முனைக்குத்தான் முதலில் வந்து சேர்கிறது. ஈரமும் அங்கேதான் முதலில் படிகிறது. தெளிந்த இரவில் கூரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழப்பதால், அதன் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடவும் சில டிகிரி குளிர்ந்துவிடும். எனவே பனி கொட்டும் நாடுகளில் மட்டும் நடக்கும் சங்கதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இந்த நீர் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக்காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 8.6 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்று 9 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்துவிட்டால் அதற்குமேல் நீராவியைத் தாங்க அதனால் முடியாது. தொட்ட இடத்தில் நீராகப் படிந்துவிடும். சமைப்பது, குளிப்பது, துணி உலர்த்துவது, மூச்சு விடுவது என எல்லாமே அறைக்காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன. சூடான அந்தக் காற்று மேலெழுந்து, உட்கூரையில் உள்ள சந்துகள் வழியாகப் பரணுக்குள் புகுந்து, குளிர்ந்த பலகையைத் தொடுகிறது. பலகைக்கும் பஞ்சுக்கும் இடையே காற்று ஓட்டம் இருந்தால் ஈரம் படிவதற்கு முன்பே வெளியேறிவிடும். இல்லையென்றால் இரவில் படிவதும் பகலில் ஓரளவு காய்வதுமாக மாதக் கணக்கில் சுழன்று, கடைசியில் மரம் அதைக் குடிக்கத் தொடங்கும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலும் அச்சமில்லை. 30 விழுக்காட்டை நெருங்கி அங்கேயே நிலைத்துவிட்டால் உளுப்புப் பூஞ்சைக்கு அது விருந்து. ஊசி முனையுள்ள ஈரமானியைக் குத்திப் பார்த்தபோது வெயில் படும் சரிவில் 15 என்றும், மறு சரிவில் இறவாரத்தை (சுவரைத் தாண்டி நீளும் கூரையின் கீழ் விளிம்பு) ஒட்டிய பலகையில் 24 என்றும் காட்டியது. பலகை இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. திருப்புளி முனையால் அழுத்தியும் உள்வாங்கவில்லை. வேலையை அப்போதே எடுத்ததனால் பலகை மாற்றும் செலவு தப்பியது.

கோடைக்கால அளவுகளையும் முன்பே எடுத்து வைத்திருந்தேன். வெளியே நிழலில் 36 டிகிரி இருந்த பிற்பகலில், பரணின் நடு உயரத்தில் காற்று 54 டிகிரி, கூரைப் பலகையின் அடிப்பக்கம் 63 டிகிரி. பலகையை அளக்க அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்தினேன். மரம், சுவர், அட்டை போன்ற மங்கலான பரப்புகளில் அது நம்பகமான அளவைக் காட்டும், ஆனால் பளபளக்கும் அலுமினியத் தாளை நோக்கிப் பிடித்தால் எதிரே உள்ள பொருளின் கதிர்வீச்சு அதில் பட்டுத் திரும்புவதைத்தான் காட்டும். காற்றை அளக்கும் வெப்பமானியைப் பலகைக்கு நேரே வெறுமனே தொங்கவிடுவதும் தவறான அளவைத் தரும். பலகையின் வெம்மை அதன் மேல் படாதபடி ஓர் அட்டை மறைப்பு வைக்க வேண்டும்.

காற்று வரும் வழிகளைத் தேடிப் பார்த்தேன். இரு முனைகளிலும் முக்கோணச் சுவரின் உச்சியில் சாய்ந்த மரச்சட்டங்கள் கொண்ட ஒரு சாளரம் இருந்தது. ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம். பார்வைக்கு 2,400 சதுர சென்டிமீட்டர் திறப்பு என்று தோன்றும். மரச்சட்டங்களும் பின்னால் உள்ள வலையும் மறைக்கும் பகுதியைக் கழித்தால், இத்தகைய மரச் சாளரத்தில் காற்றுக்கு உண்மையில் கிடைப்பது கால் பங்குதான் என்று கணக்கிடுவது வழக்கம். ஆக, இரண்டும் சேர்ந்து 1,200 சதுர சென்டிமீட்டர். அந்த வலையிலும் ஒட்டடையும் தூசியும் கம்பளம் விரித்தாற்போல் அடைந்திருந்தன. இறவாரத்தின் அடிப்பலகையில் கட்டியவர்கள் போட்ட சிறு துளைகள் இருந்தன. வெளியிலிருந்து அவை வண்ணப்பூச்சால் மூடிப்போயிருந்தன, உள்ளிருந்து வெப்பக்காப்புப் பஞ்சு அவற்றின் மேல் திணிந்து கிடந்தது. கீழ்வழி அறவே இல்லை என்பதே இதன் பொருள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூரைக் காற்றோட்டம் என்றதும் எல்லோரும் மேலே போடும் திறப்பைப் பற்றியே பேசுகிறார்கள். கூரையின் உச்சி விளிம்பான முகட்டில், காற்றில் சுழலும் எந்தச் சுழலியை வைப்பது, எந்த விசிறியை வாங்குவது என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு துளை போட்ட எண்ணெய் டின்னைக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கி இறங்கும். இன்னொரு துளை போட்ட பிறகுதான் சீராக ஒழுகும். பரணும் அப்படித்தான். கீழே வழி இல்லாத பரணின் உச்சியில் எவ்வளவு பெரிய திறப்பைப் போட்டாலும், அது வெளிக்காற்றை இழுப்பதற்குப் பதிலாக அறைக்காற்றை உட்கூரைச் சந்துகள் வழியே உறிஞ்சத் தொடங்கும். ஈரத்தை வெளியேற்றப் போட்ட திறப்பே ஈரத்தை வரவழைக்கும். பரணை இயல்பாக இயக்கும் விசை மிக மெலிந்தது. எங்கள் கூரையில் இறவாரத்துக்கும் முகட்டுக்கும் 2.5 மீட்டர் உயர வேறுபாடு; உள்ளும் புறமும் 15 டிகிரி வேறுபாடு இருக்கும்போது சூடான காற்றின் எழுச்சியால் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பாஸ்கல்தான். வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் மேல். இத்தனை சிறிய தள்ளுவிசையை நம்பி நடக்கும் ஓட்டத்துக்கு நடுவில் ஒரு கைப்பிடிப் பஞ்சோ ஒரு தூசி படிந்த வலையோ இருந்தாலே போதும், ஓட்டம் நின்றுவிடும்.

எவ்வளவு திறப்பு வேண்டும் என்பதற்குப் பரவலாகப் புழங்கும் விதி, பரணின் தரைப்பரப்பில் 150இல் ஒரு பங்கு. திறப்புகள் மேலும் கீழும் சமன்பட இருந்தால் 300இல் ஒரு பங்கு போதும் என்ற தளர்வும் உண்டு. 300இல் ஒரு பங்கு என்னும் எண் 1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் வெளியிட்ட கட்டடத் தரங்களில் இடம்பெற்று, அங்கிருந்து பிற விதித்தொகுப்புகளுக்குப் பரவியது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த கவலை குளிர்காலத்தில் கூரைப் பலகையில் படியும் ஈரமே. கோடை வெப்பத்தைத் தணிப்பது அதனுடன் பிற்பாடு சேர்ந்துகொண்ட பயன். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் காற்றோட்டத்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகும்.

எங்கள் பரண் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம்; 96 சதுர மீட்டர். 150இல் ஒரு பங்கு என்றால் 6,400 சதுர சென்டிமீட்டர் நிகரத் திறப்பு. அதில் பாதியை முகட்டிலும் பாதிக்குச் சற்று மேலாக இறவாரத்திலும் வைப்பதென்று முடிவு செய்தேன். கீழ்த்திறப்பு மேல்திறப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருக்கக் கூடாது. இருந்த திறப்போ 1,200, அதுவும் முழுக்க உச்சியில். 300இல் ஒரு பங்கான 3,200ஐக்கூட அது எட்டவில்லை.

திறப்பு வெட்டும் வேலைக்கு முன் அடைக்கும் வேலை. இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உட்கூரையில் சந்துகளை அப்படியே வைத்துக்கொண்டு முகட்டைத் திறந்தால், குளிர்காலத்தில் வீட்டின் கதகதப்பையும் கோடையில் குளிர்சாதனக் காற்றையும் நாமே வெளியே அனுப்புகிறோம். பஞ்சைப் பகுதி பகுதியாக விலக்கி, சந்துகளைத் தேடினேன். அழுக்குப் பஞ்சு இதற்கு நல்ல வழிகாட்டி: காற்று தொடர்ந்து ஊடுருவிய இடத்தில் பஞ்சு வடிகட்டியாக வேலை செய்து கறுத்துப் போயிருக்கும், தூக்கிப் பார்த்தால் நேர் கீழே சந்து தெரியும். மின்கம்பி இறங்கும் துளைகள், தண்ணீர்க் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி, தடுப்புச் சுவர்களின் தலைப்பகுதி, விளக்குப் பெட்டிகளின் விளிம்பு ஆகியவற்றை அடைத்தேன். சிறு சந்துகளுக்கு சிலிக்கோன் பசை, விரல் நுழையும் அளவுக்கு மேற்பட்டவற்றுக்கு விரிந்து நிரம்பும் நுரை, அகன்ற ஓட்டைகளுக்குத் தகட்டுத் துண்டு வெட்டி விளிம்பில் பசை. புகைபோக்கி போன்ற சூடேறும் குழாய்களின் அருகே நுரை கூடாது. அங்கே உலோகத் தகடும் தீத்தாங்கும் பசையும்தான். பரணின் ஏறுவழி மூடிதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டையாக இருந்தது. அதன் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, மேற்புறத்தில் கனத்த தெர்மாகோல் பலகை பொருத்தி, இறுக்கிப் பிடிக்கும் கொக்கிகள் போட்டேன்.

குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் தன் ஈரக்காற்று முழுவதையும் பரணுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது இந்தத் தேடலில்தான் தெரியவந்தது. கட்டியவர்கள் குழாயைக் கூரை வரை கொண்டுபோகாமல் பஞ்சின் மேலேயே விட்டுவிட்டார்கள். அதிக ஈரம் காட்டிய பலகை சரியாக அந்தக் குழாய் வாய்க்கு எதிரே இருந்தது. வெப்பக்காப்பு சுற்றிய குழாயைப் போட்டு, நீர் தேங்காதபடி வெளிப்பக்கம் சற்றே சாய்த்து, முக்கோணச் சுவரின் வழியாக வெளியே கொண்டுபோனேன். இறவாரத்தின் அடியில் அதைத் திறந்துவிடுவது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் அங்கே வெளியேறும் ஈரக்காற்றை அடுத்த நொடியே இறவாரத் திறப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது பஞ்சுக்கும் கூரைப் பலகைக்கும் இடையே காற்று போகும் ஓடை. கைமரங்கள் சுவரின் மேல் வந்து அமரும் மூலையில் உயரம் மிகக் குறைவு. பஞ்சு பலகையை முட்டி நிற்பது அங்கேதான். குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. நான் 50 மில்லிமீட்டர் விட்டேன், ஏனெனில் பஞ்சு நாளடைவில் நகரும், பலகையும் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. வரியோடிய பிளாஸ்டிக் தகட்டைக் கைமர இடைவெளிக்கு ஏற்ப வெட்டி, இரு ஓரங்களையும் மடித்து, ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் ஸ்டேப்ளரால் அடித்தேன். தகடு பஞ்சின் மேல்மட்டத்தைத் தாண்டி ஒரு சாண் உயரம் வரை போக வேண்டும். அதன் கீழ் நுனியில், சுவரின் தலைக்கு நேராக, ஒரு தடுப்புத் துண்டு வைத்துப் பஞ்சின் முனையை மூடினேன். இது இல்லாவிட்டால் இறவாரத்தில் நுழையும் காற்று பஞ்சுக்குள்ளேயே ஊதி, சுவரோரத்தில் வெப்பக்காப்பைப் பயனற்றதாக்கிவிடும். மொத்த வேலையிலும் முதுகை ஒடித்த பகுதி இதுதான். நீட்டிப் படுத்துக்கொண்டு, கையை எட்டி, பார்க்காமலே ஸ்டேப்ளர் அடிக்க வேண்டியிருந்தது. விட்டங்களின் குறுக்கே அகலப் பலகை போட்டுத்தான் நடமாட வேண்டும். விட்டங்களுக்கு இடையில் கால் வைத்தால் கால் அறைக்குள் தொங்கும். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை ஆகியவை இன்றிப் பஞ்சைத் தொடக் கூடாது. கோடையானால் விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும்; 50 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருக்கும் மூடிய இடத்தில் தனியாக வேலை செய்வது உயிருக்கே ஆபத்து.

இறவாரத்தின் அடிப்பலகையில் பழைய சிறு துளைகளை நம்பாமல், நீளவாக்கில் 4 சென்டிமீட்டர் அகலத்தில் தொடர்ச்சியான பிளவு வெட்டினேன். மின்கம்பி ஏதும் அங்கே ஓடவில்லை என்பதை உறுதி செய்து, சுண்ணாம்பு நூல் அடித்துக் கோடு போட்டு, ஜிக்சாவால் மெல்ல அறுத்தேன். அதில் துளையிட்ட அலுமினியப் பட்டையைப் பொருத்தினேன். பட்டையின் திறந்த பரப்பு 40 விழுக்காடு. ஒரு மீட்டருக்கு 160 சதுர சென்டிமீட்டர், இரு பக்கமும் சேர்த்து 24 மீட்டருக்கு 3,840. மேலே குறுக்கிடும் கைமரங்களுக்காக ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 3,400க்கு மேல் நிற்கிறது. பட்டை வாங்கும்போது அதன் மொத்த அகலத்தைப் பார்க்காமல், தயாரிப்பாளர் குறிப்பிடும் நிகரத் திறப்பைக் கேட்டு வாங்க வேண்டும். துளையின் அளவும் முக்கியம். 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அணிலும் வௌவாலும் இல்லாவிட்டாலும் குளவி வரும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தூசியும் வண்ணப்பூச்சும் எளிதில் அடைத்துக்கொள்ளும். நான் எடுத்தது 3 மில்லிமீட்டர். காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் பறந்து வரும் தீப்பொறியைத் தடுக்கும் உலோக வலை கட்டாயம் தேவை. பிளாஸ்டிக் வலை அங்கே உதவாது.

முகட்டைத் திறக்கும் வேலைக்கு அனுபவமுள்ள தச்சர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். உயரத்தில், கயிறு கட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. “முகட்டையே பிளந்துவிட்டால் மழை உள்ளே இறங்காதா, ஐயா?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை முகட்டு மூடியின் அமைப்பில் இருக்கிறது. பிளவின் மேல் அமரும் மூடியின் இரு விளிம்புகளிலும் நிமிர்ந்த தடுப்பு ஒன்று உண்டு. மோதும் காற்று அந்தத் தடுப்பில் ஏறித் தாவிப் போகும்போது மூடியின் வாய்க்கு மேல் அழுத்தம் குறைந்து, பரணின் காற்றை வெளியே உறிஞ்சும். மழைத்துளியும் அந்தத் தடுப்பில் பட்டு வெளிச்சரிவிலேயே விழும். இந்தத் தடுப்பு இல்லாத மலிவு மூடியில் எதிர்க்காற்று மழையை நேரே உள்ளே தள்ளும் என்பதால் அதை வாங்கவில்லை. ஒருமுறை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த பிறகு தச்சரும் ஒப்புக்கொண்டார்.

முகட்டுச் சட்டத்தின் இரு பக்கமும் 2 சென்டிமீட்டர் விட்டுக் கோடு போட்டு, அறுவையின் ஆழத்தைப் பலகையின் தடிப்புக்கு மட்டும் அமைத்து வெட்டினோம். ஆழம் கொஞ்சம் கூடினாலும் கைமரத்தின் தலை அறுபடும். எங்களுக்கு வேண்டியது 3,200 சதுர சென்டிமீட்டர். மூடியின் நிகரத் திறப்பு மீட்டருக்கு 380. ஆகவே 8.5 மீட்டர் நீளத்துக்கு மட்டும் பிளவு வெட்டி, இரு முனைகளிலும் பலகையை அப்படியே விட்டோம். மூடியை மட்டும் முனையிலிருந்து முனைவரை போட்டோம். பார்வைக்கு ஒரே சீராக இருக்கும். பழைய ஆணிகள் மூடியின் தடிப்பைத் தாண்டிப் பலகைக்குள் போதிய அளவு இறங்காது என்பதால் நீண்ட ஆணிகள் தேவைப்பட்டன.

முகடு திறந்த அன்றே முக்கோணச் சுவர்ச் சாளரங்கள் இரண்டையும் உள்ளிருந்து பிளைவுட் வைத்து மூடினேன். நல்ல திறப்பை ஏன் மூட வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். காற்று எப்போதும் தடை குறைந்த குறுக்கு வழியைத் தேடும். முகட்டுக்கு அருகிலேயே இன்னொரு திறப்பு இருந்தால், முகடு இழுக்கும் காற்று இறவாரத்திலிருந்து வராமல் அந்தச் சாளரத்திலிருந்தே வந்து போய்விடும். உச்சியில் மட்டும் ஓட்டம் இருக்கும், ஈரம் படியும் கீழ் மூலைகள் அசையாக் காற்றில் கிடக்கும். காற்றடிக்கும் திசையைப் பொறுத்து முகடே உள்வாங்கும் வாயாகவும் மாறலாம். சுழலி, முகட்டு மூடி, மின்விசிறி மூன்றையும் ஒரே கூரையில் கலந்து வைப்பதும் இதே காரணத்தால் வீண்.

மின்விசிறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரணில் விசையுள்ள விசிறி ஒன்றைப் பொருத்தச் சொல்லிப் பலர் அறிவுறுத்தினார்கள். கீழ்த்திறப்பு போதாத பரணில் விசிறி ஓடினால் பரணில் அழுத்தம் குறைந்து, வீட்டின் குளிர்சாதனக் காற்றை உட்கூரை வழியே இழுக்கும். வீட்டில் எரிவாயுக் கொதிகலன் இருந்தால் அதன் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பும் அபாயமும் உண்டு. கீழ்த்திறப்பு போதுமான பரணுக்கோ விசிறியே தேவையில்லை. அந்தச் செலவைப் பஞ்சின் கனத்தைக் கூட்டுவதில் போட்டேன்.

எல்லாம் முடிந்ததும் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு கைமர இடைவெளியின் கீழ் வாயிலும் பிடித்துப் பார்த்தேன். வெயில் ஏறிய வேளையில் புகை தகட்டு ஓடைக்குள் சாய்ந்து, பலகையின் அடிப்பக்கத்தைத் தழுவிக்கொண்டு மெல்ல மேலேறியது. இரண்டு இடைவெளிகளில் மட்டும் புகை நிமிர்ந்தே நின்றது; தகட்டின் கீழ் நுனியில் பஞ்சு மடங்கி அடைத்திருந்ததை நீக்கியதும் அங்கும் ஓட்டம் பிடித்தது. கருவி எதுவும் இதைவிடத் தெளிவாக ஓட்டத்தைக் காட்டாது. தீ முனை பஞ்சின் காகித உறையிலோ தூசியிலோ படாமல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

விளைவுகளை உள்ளபடி எழுதுகிறேன். வெளியே 36 டிகிரி இருந்த இன்னொரு பிற்பகலில் பரணின் காற்று 45 டிகிரியாக இருந்தது. முன்பு இருந்த 18 டிகிரி வேறுபாடு பாதியாகிவிட்டது. ஆனால் கூரைப் பலகையின் அடிப்பக்கம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இதை எதிர்பார்த்தேதான் இருந்தேன். பரணில் பலகையிலிருந்து பஞ்சுக்கு வெப்பம் இறங்குவது பெரும்பாலும் கதிர்வீச்சால். காற்று ஓடுவதால் கதிர்வீச்சு நிற்காது. 60 டிகிரியில் உள்ள பலகை 40 டிகிரியில் உள்ள பஞ்சின் மேற்பரப்பை நோக்கி வீசும் நிகர வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 125 வாட். இடையில் பளபளப்பான அலுமினியத் தாள் வைத்தால், அது உமிழும் கதிர்வீச்சு சாதாரணப் பரப்பு உமிழ்வதில் இருபதில் ஒரு பங்கை ஒட்டியதே என்பதால் இது 10 வாட்டுக்குக் கீழே வந்துவிடும். ஆகவே கைமரங்களின் அடிப்பக்கத்தில், பளபளப்பு கீழ்நோக்கி இருக்கும்படி அந்தத் தாளை அடித்தேன். கீழ்நோக்கிய பரப்பில் தூசி படியாது. தாளின் கீழ் விளிம்புக்கும் பஞ்சுக்கும் இடையிலும், மேல் விளிம்புக்கும் முகட்டுக்கும் இடையிலும் ஒரு சாண் இடைவெளி விட்டேன், காற்று ஓடை மூடிவிடக் கூடாதே. தாளைப் பஞ்சின் மேல் விரித்துப் போடுவது கேடு. பஞ்சுக்குள் ஈரத்தைப் பூட்டிவிடும். இதற்குப் பிறகுதான் மாடி அறையின் இரவு வெம்மையில் வீட்டார் உணரும்படியான மாற்றம் வந்தது. வெப்பத்துக்குக் காற்றோட்டம் துணை மருந்துதான். ஈரத்துக்கோ அதுவே முதல் மருந்து.

ஈரத்தில் மாற்றம் முழுமையாக இருந்தது. அடுத்த குளிர் மாதங்களில், முன்பு 24 விழுக்காடு காட்டிய அதே பலகை 14க்கு வந்தது. ஆணி முனைகள் உலர்ந்திருந்தன. பலகையில் இருந்த கரும்பூஞ்சையை, மரம் நன்கு காய்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகு, முகமூடி அணிந்து சோப்புக் கரைசலும் கெட்டித் தூரிகையும் கொண்டு தேய்த்து எடுத்தேன். ஈரத்தின் வழியை அடைக்காமல் பூஞ்சைக்கொல்லி தெளிப்பதில் பயனில்லை. மறு பருவத்தில் அதே இடத்தில் மீண்டும் முளைக்கும். பனி கொட்டும் நாடுகளில் இன்னொரு பயனும் உண்டு: கூரை முழுதும் ஒரே குளிர்ச்சியில் இருப்பதால், மேலே உருகிய பனி இறவாரத்தில் மீண்டும் உறைந்து அணைபோல் நின்று நீரை ஓட்டுக்கு அடியில் ஏற்றும் தொல்லை குறையும்.

இந்த முறை எல்லாக் கூரைக்கும் பொருந்தாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கூரைப் பலகையின் அடியிலேயே நுரைக்காப்பு தெளித்து முழுக்க மூடிய பரண்களில் திறப்பு வெட்டினால் அந்த ஏற்பாடே கெடும். ஆண்டு முழுதும் வெளிக்காற்று வெப்பமும் ஈரமுமாக இருக்கும் கடலோரப் பகுதிகளில், குளிர்சாதனக் குழாய்கள் பரணில் ஓடினால், உள்ளே வரும் வெளிக்காற்றின் ஈரமே அந்தக் குளிர்ந்த குழாய்களின் மேல் படிந்து சொட்டும். அங்கே குழாய்களுக்குக் கனமான காப்பும் இணைப்புகளில் இறுக்கமான அடைப்பும் முதலில் வேண்டும். நான்கு பக்கமும் சரியும் கூரையில் முகடு குட்டையாக இருப்பதால் தேவையான மேல்திறப்பு அதில் கிடைக்காது; உச்சிக்கு அருகே தனித் திறப்புகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கும். தட்டைக் கூரைக்கு முகட்டு மூடி உதவவே உதவாது.

இப்போது ஆண்டுக்கு இருமுறை, கோடைக்கு முன்னும் குளிருக்கு முன்னும், இறவாரப் பட்டைகளை மெல்லிய தூரிகையால் துடைக்கிறேன். வீட்டுக்கு வண்ணம் அடிக்க வருபவர்களிடம் பட்டைகளின் மேல் நாடா ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். முகட்டு மூடியின் விளிம்பில் இலைச்சருகு சேர்ந்திருக்கிறதா என்று ஏணியிலிருந்து பார்க்கிறேன். ஈரமானியின் அளவுகளைப் பரணின் கைமரத்திலேயே, குத்திய இடத்துக்குப் பக்கத்தில், தேதியோடு பென்சிலால் எழுதி வைக்கிறேன். முன்வாசலின் மேல் தனியாக நிற்கும் சிறு கூரை மட்டும் இன்னும் பாக்கி. அதன் பரண் பெரிய பரணோடு சேராமல் ஒரு தடுப்புப் பலகையால் பிரிந்து கிடக்கிறது. ஈரமானி அங்கே 19 காட்டுகிறது. அந்தத் தடுப்பில் மேல் ஓரமாக ஒரு திறப்பை வெட்டி இரண்டு பரண்களையும் இணைத்து, அதன் இறவாரத்திலும் அதே 3 மில்லிமீட்டர் துளைப் பட்டையைப் பொருத்துவது அடுத்த வேலை.